பறக்கும் மூட்டைப்பூச்சி

1

கனடாவிலிருந்து தாம்பரத்துக்கு மூட்டைப்பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான் என்று இந்தக் கோடையில் முழு மனதோடு நம்பினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த மூட்டைப்பூச்சி தாம்பரத்து வெயில் பட்டதும் பறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்றும் நம்பினேன். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. டொரான்டோவில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். கீழே வரும் சம்பவத்தை என் மேலாளரிடம் யாரும் மொழிபெயர்த்துச் சொல்லிவிட வேண்டாம்.

வெளிநாட்டில் குடியேறியவன் ஊர்க்காரர்களுக்கு எதையாவது எழுதினால் முதலில் பனியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. பனி விழுகிறது. அள்ளுகிறேன். மறுபடி விழுகிறது. கடமை முடிந்தது. இனி பாத்ரூமுக்கு வரலாம்.

பாத்ரூம் என்றால் டொரான்டோவில் நான் குளிக்கும் பாத்ரூம் இல்லை. செம்பாக்கத்தில், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், நாங்கள் வாங்கிப் போட்டிருக்கும் ஃபிளாட்டின் பாத்ரூம். எங்களைப் போன்றவர்கள் வீட்டை வாங்குவதில்லை, வாங்கிப் போடுகிறோம். போட்டது போட்டபடி பூட்டிவிட்டு விமானம் ஏறுகிறோம். அடுத்த முறை வரும்போது வீடு நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு.

பக்கத்திலேயே பெருங்களத்தூரில் என் அக்கா விஜயா இருக்கிறாள். அவளுக்கு எதற்குத் தொந்தரவு என்று ஃபிளாட் சாவியை அசோசியேஷன் செகரட்டரி சௌந்தர் சாரிடம் கொடுத்து வைத்திருந்தேன். இது மிகவும் பண்பான ஏற்பாடு என்று நான் எண்ணியிருந்தேன்.

2

இந்த முறை வந்தது அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து என்பதால். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்கா மகள் கீதாவுக்குக் கூடப்பிறந்த தம்பியோ அண்ணனோ கிடையாது. ஆகவே கீதாவின் காதை என் மடியில் வைத்துக் குத்திக்கொடுத்த நானே, அவள் பையன் துருவ்வின் காதுக்கும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் பல வருடமாகக் கிடைக்காத பதவி உயர்வு பெருங்களத்தூரில் கிடைத்தது.

அக்கா போனில் சொன்னாள்: "நீ ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம்டா. உன் மடிய மட்டும் எடுத்துட்டு வா."

மடியோடு இரண்டு பெரிய பெட்டிகளையும் எடுத்துக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை.

கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் டொரான்டோ அபார்ட்மென்டில் கதவிடுக்கு வழியாக ஒரு நோட்டீஸ் உள்ளே வந்து விழுந்தது. கீழ்மாடியில் ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறதாம். எல்லா வீட்டையும் சோதனை போடப் போகிறார்களாம். சோதனைக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாக அறிவுரை. அலமாரிகளைக் காலி செய்யவும். துணிகளைச் சூடான எந்திரத்தில் உலர்த்தவும். உலர்த்தியதைக் கறுப்புப் பையில் போட்டு வாயைக் கட்டவும். சுவரிலிருந்து கட்டிலை நகர்த்தவும். எந்தக் காரணத்தைக் கொண்டும் பதற்றம் அடைய வேண்டாம். கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குப் பதற்றமே ஆரம்பித்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் சிறுவனாக இருந்தபோது மேற்குத் தாம்பரத்து வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டிலை வெளியே தூக்கிப்போட்டு இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுவார். பிறகு மெத்தைகள் மாறின, மூட்டைப்பூச்சி எப்படியோ ஊரைவிட்டுப் போனது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு முன்பே அதற்குக் கனடாவில் குடியுரிமை கிடைத்துவிட்டது.

என் மனைவி உஷாவுக்கு விடுமுறை கிடைக்காததால் சோதனையை எதிர்கொள்ள அவள் அங்கேயே இருந்தாள். நானும் மகள் யாழினியும் கிளம்பினோம். ஒரு வாரமாகப் படுக்கையறைத் தரையில் வாயைப் பிளந்து கிடந்த பெட்டிகளைப் பூட்டும்போது ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பையும் சேர்த்துப் பூட்டினேன்.

3

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டி திறக்கும் வைபவத்தை விளக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒரு தேர்வு. பெயர் எழுதாத பொட்டலங்களில், முகம் முகமாகப் பார்த்து, யாருக்கு எது என்று அந்தக் கணத்தில் தீர்மானிக்க வேண்டும். ஒருத்தருக்குக் கொடுத்ததைவிட அடுத்தவருக்குக் கொடுத்தது ஓர் அங்குலம் பெரிதாக இருந்துவிடக் கூடாது.

வந்த மறுநாளே பெருங்களத்தூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். கீதாவுக்குக் கைப்பை. அக்காவுக்குச் சமையலறைக் கத்தி. அக்கா வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், மறைமலை நகரில் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லாய். கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, "ரயில்வே கேட்டாண்ட போய் நின்னா கரடி வித்தைன்னு காசு போடுவாங்க மச்சான்" என்றார். ஆனால் கழற்றவில்லை.

துருவ்வுக்கு ஒரு போர்வை. நீல நிறம், முயல்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். உஷா கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. பையன் அதைப் பார்த்தான், பிடித்தான், ஒரு மூலையை வாயில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அது இல்லாமல் தூங்க மாட்டேன் என்று அடம்.

"பார்றா, கனடாக்காரன்" என்று அக்கா சிரித்தாள். அன்றைக்கு அவள் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சந்தோஷத்தை நான் எவ்வளவு வேகமாகக் காலி செய்தேன் என்பது அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

4

குளிக்கப் போகும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். கண்ணாடி இல்லாமல் பார்த்தால், கறுப்பாகவும் குட்டியாகவும் இருக்கும் எதுவும், நான் எதைக் கண்டு பயப்படுகிறேனோ அதுவாகத்தான் தெரியும்.

செம்பாக்கம் பாத்ரூமில் வெள்ளை டைல்ஸ். அதன் மேல் எள்ளைத் தூவியது போல் புள்ளிகள். பக்கெட் தண்ணீரிலும் சில மிதந்தன. ஊருக்கு வந்ததிலிருந்து கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக அரித்துக்கொண்டிருந்தது. பெட்டி, நோட்டீஸ், அரிப்பு, புள்ளி. நான்கும் வரிசையில் வந்து நின்றன. ஏதோ பயிற்சி விமானம் போவது போல் தலை இரைந்தது. நிஜமாகவே விமானப்படைத் தளத்து விமானம்தான் மேலே போய்க்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

துண்டோடு வெளியே ஓடிவந்தேன். ஹாலில் யாழினி படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. டொரான்டோவில் பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற தமிழ் அவளுடையது, உயர்திணை அஃறிணை எல்லாருக்கும் சம மரியாதை கொடுக்கும்.

"யாழி, பாத்ரூம்ல பூச்சி."

"தெரியும்ப்பா. நேத்தே பாத்தேன். சுவத்துல தூங்கறாங்க."

"தூங்கறாங்களா? மூட்டப்பூச்சிம்மா. நம்ம பெட்டில வந்தது."

அவள் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். சுவரை விரலால் தட்டினாள். புள்ளிகளில் ஒன்று எழும்பி, சோம்பேறித்தனமாக ஒரு சாண் பறந்து, மறுபடி சுவரில் உட்கார்ந்தது.

"பெட்பக் பறக்காதுப்பா."

"அங்க குளிர், அதனால பறக்காது. இங்க வெயில்ல பறக்கும்."

இந்தப் பதிலை நான் சொல்லவில்லை என்று மறுக்கலாம். ஆனால் சாட்சி இருக்கிறாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று வெளிநாட்டுத் தமிழர்கள் கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். விலகிப் போகிற அந்தக் கணத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

"குட்டியா ஃபர் கோட் போட்டிருக்காங்கப்பா. க்யூட்டா இருக்காங்க" என்றாள்.

ஃபர் கோட் போட்டிருந்தால் கனடாக்காரர்கள்தான் என்பது எனக்கு உறுதியானது.

5

நான் விஞ்ஞான முறைப்படி நடவடிக்கை எடுத்தேன். அதாவது வாசலில் நின்றபடியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரப்பான்பூச்சி மருந்தை டப்பா தீரும்வரை அடித்தேன். பூச்சிகள் இருமிய மாதிரி தெரியவில்லை. நான் இருமினேன். அடுத்து ஃபினாயில். மறுநாள் காலையில் சுவரில் முன்னைவிட அதிகமாக இருந்தன. சொந்தக்காரர்களை வரவழைத்திருக்க வேண்டும்.

பிறகு அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் மிகவும் பூடகமாக ஒரு கேள்வி போட்டேன்: "நம் பிளாக்கில் யார் வீட்டு பாத்ரூமிலாவது சிறு பூச்சிகள் தென்படுகின்றனவா?" தென்படுகின்றனவா என்று எழுதினால் சந்தேகம் வராது என்று ஒரு கணக்கு.

ஒருவர் கைகூப்பினார். ஒருவர் காலை வணக்கம் சொல்லி முருகன் படம் போட்டார். ஒருவர், லிஃப்டில் யாரோ மீன் குழம்பு சிந்தியது பற்றிப் போன வாரமே கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைவூட்டினார். கடைசியில் சௌந்தர் சார் வந்தார்: "ஃபிளாட்டுக்குள் இருக்கும் பூச்சி ஓனர் பொறுப்பு. காமன் ஏரியாவில் இருக்கும் பூச்சி அசோசியேஷன் பொறுப்பு. மொட்டை மாடியில் பொருட்கள் வைக்க அனுமதி இல்லை என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்."

மொட்டை மாடியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஆனால் அந்த வாக்கியம் எனக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. கொடுத்திருக்கக் கூடாது.

நோட்டீஸில் என்ன போட்டிருந்தது? சூடு காட்டினால் பூச்சி சாகும். தாம்பரத்து மே மாத மொட்டை மாடியைவிடச் சூடான எந்திரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? எங்கள் துணிகளை எல்லாம் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி மாடியில் அடுக்கிவிடலாம். அப்போதுதான் நினைவு வந்தது. பெட்டியிலிருந்த எல்லாமே இங்கே இல்லை. ஒன்று பெருங்களத்தூரில், ஒரு வயதுப் பிள்ளையின் வாயில் இருக்கிறது.

6

தாம்பரத்தில் நடைமேம்பாலம் ஏறி இறங்கி மின்சார ரயில் பிடித்தோம். ரயிலில் யாழினியிடம் திட்டத்தைச் சொன்னேன். அத்தையிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

"உண்மைய சொல்லிடலாமேப்பா."

"காதுகுத்துக்கு வந்த மாமன் மூட்டப்பூச்சிய கொண்டாந்தான்னு ஊரெல்லாம் பேசவா? அத்தைக்குத்தான் அசிங்கம்."

அக்கா வீட்டுக்குப் போனபோது துருவ் ஹாலில் போர்வை மேல் குப்புறப் படுத்திருந்தான். அவன் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிப் பொரியாக இருந்தது.

"என்ன இது கழுத்துல?"

"வேர்க்குரு. மே மாசம்டா" என்றாள் அக்கா. "மோர் குடிக்கறியா?"

மோர் குடித்தேன். பிறகு, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். அந்தப் போர்வையைத் தயாரித்த கம்பெனி அதைத் திரும்பக் கேட்கிறது, சாயத்தில் ஏதோ கோளாறாம், நான் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வேறு தருகிறேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "கனடால இருக்கற கம்பெனி, பெருங்களத்தூர்ல இருக்கற போர்வைய கேக்குதா?"

"அங்க எல்லாம் அப்படித்தான்க்கா. ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"உஷா கேட்டாளா?"

"சேச்சே."

"அவ அண்ணன் வீட்லயும் சின்னப் புள்ள இருக்கில்ல. மாத்திக் குடுத்துட்டியா? சொல்லித் தொலையேன், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன் என்று எங்கள் வீட்டில் ஒரு பெண் சொன்னால், நினைத்து முடித்தாகிவிட்டது என்று பொருள். "இல்லக்கா, சாயம்" என்றேன்.

அவள் குனிந்து பிள்ளைக்கு அடியிலிருந்து போர்வையை உருவினாள். துருவ் வீறிட்டான். அதை நான்காக மடித்து, எட்டாக மடித்து, என் மடியில் வைத்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து அதன் மேல் வைத்தாள். கீதாவின் கைப்பை வந்தது. மாமாவைப் பார்த்து, "கழட்டுங்க" என்றாள். அவர் தலையிலிருந்து குல்லாயை எடுத்து, ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, கைப்பையின் மேல் வைத்தார்.

"அக்கா, இதெல்லாம் எதுக்கு?"

"இதுலயும் சாயம் போச்சுன்னா? இன்னொரு தடவ ரயிலேறி வரணும் பாரு. சாவிய குடுக்கறதுக்கே நாங்க ஆளில்ல, செகரட்டரிதான் ஆளு. சாமானுக்கு மட்டும் என்ன." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம உனக்கு வேலயிருந்தா விட்டுடு. எதிர்வீட்டு பாஸ்கர் மடியில வெச்சு குத்திக்கறோம். அவனும் இவர மாமா மாமான்னுதான் கூப்புடறான்."

எதிர்வீட்டு பாஸ்கரை எனக்குத் தெரியும். தொந்தி போட்ட ஆள். மடியே கிடையாது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூட்டைப்பூச்சி வெளியே வந்துவிடும். தவிர, என் மடியில் என்னென்ன ஊர்கிறது என்று எனக்கே நிச்சயமில்லாதபோது எந்த முகத்தோடு அதில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கச் சொல்வது?

வாசலில் செருப்பு மாட்டும்போது யாழினி சொன்னாள்: "நான் அத்தை வீட்லயே இருக்கேன்ப்பா. நீங்க போங்க."

தனியாக ரயிலேறினேன். பையின் வாய் வழியாக ஒரு கம்பளிக் குல்லாய் எட்டிப் பார்த்தபடி வந்தது. எதிரில் இருந்தவர் அதையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

7

வீட்டுக்கு வந்ததும் கறுப்புப் பையை எடுத்தேன். முதலில் போர்வை. இறுக்கிக் கட்டி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் வைத்தேன். மறுநாள் காலையில் மற்றத் துணிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு மேலே போனால், தண்ணீர்த் தொட்டி இருந்தது. வெயில் இருந்தது. பை இல்லை.

கீழே செக்யூரிட்டி அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மாடில ஒரு கறுப்புப் பை வெச்சிருந்தேன்."

"ஆமா சார். செகரட்டரி சார் காலைல மேல போய்ப் பாத்துட்டு, யாருது இன்னா ஏதுன்னு கேட்டுகினு இருந்தாரு. உங்க பேர இழுக்க வாணாம்னு நானே தூக்கினு வந்து குப்ப வண்டில போட்டுட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "மூட்ட வாய டைட்டா கட்டியிருந்தீங்க சார். யாரும் குப்பய அவ்ளோ நீட்டா கட்ட மாட்டாங்க."

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? கனடாவில் பல வருடம் இருந்ததில் முழுதாகக் கற்றுக்கொண்டது எதற்கும் நன்றி சொல்வது ஒன்றைத்தான்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பின்னால் மாமா. அவருக்குப் பின்னால், என் கண்ணைப் பார்க்காமல், யாழினி.

8

அக்கா நேராக ஃபிளாட்டுக்குள் போனாள், பாத்ரூம் கதவைத் திறந்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராத, மூச்சு முட்டுகிற சிரிப்பு.

"டேய்... நாம வளந்ததே மூட்டப்பூச்சி கூடத்தானடா. உன் முதுகுல எத்தன நசுக்கியிருக்கேன். அது பறக்குமாடா?"

"கண்ணாடி போடலக்கா."

"கண்ணாடி போடலன்னா பறக்குமா?"

மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "கனடா போனா எல்லாத்துக்கும் றெக்க மொளச்சிடும் போல மச்சான். உனக்குத்தான் லேட் ஆவுது."

யாழினி போனை நீட்டினாள். எப்போதோ படம் எடுத்து, பெரிதாக்கி வைத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சாம்பல் நிறத்தில், இறக்கை முழுக்க மெல்லிய முடியோடு, சின்ன விட்டில் பூச்சி மாதிரி ஓர் ஈ. கடிப்பதற்கு வாய்கூட இருப்பதாகத் தெரியவில்லை. ஃபர் கோட் என்றது சரியாகத்தான் இருந்தது.

"நேத்து ராத்திரியே அத்தைட்ட காட்டிட்டேன்" என்றாள் யாழினி. "சாரிப்பா. சத்தியம் போச்சு."

"எங்க வூட்டு மாடிப் போர்ஷன் காலியா இருந்தப்பவும் இது வந்துது" என்றாள் அக்கா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய், பாத்ரூம் கதவை முன்னால் இழுத்தாள். கதவுக்குப் பின்னால், வாஷிங் மெஷின் வைப்பதற்காக பில்டர் விட்ட மூலை. எங்களிடம் இங்கே மெஷின் கிடையாது. ஆகவே அந்த மூலைக்கு நான் போனதே கிடையாது. தரையில் ஒரு ஓட்டை, அதன் மேல் எவர்சில்வர் ஜல்லடை. அக்கா அதைக் கத்தி முனையால் நெம்பினாள். நேற்று எனக்குத் திருப்பிக் கொடுத்த அதே கனடாக் கத்தி, என் சமையல் மேடையிலிருந்து எடுத்தது. ஜல்லடை வந்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்ன மேகம் எழும்பியது. நான் ஹாலுக்கு வந்துவிட்டேன்.

"இங்க வா. ஓடாத" என்று கூப்பிட்டாள். "இந்த ஓட்டைக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அதுதான் மூடி. நீ குளிக்கற தண்ணியெல்லாம் அந்தப் பக்கம் போயிடுது. இங்க ரெண்டு வருஷமா ஒரு சொட்டு ஊத்தல. காஞ்சு கெடக்கு. கீழ இருக்கறது மேல வராம என்ன பண்ணும்?"

"சௌந்தர் சார்கிட்ட சாவி குடுத்திருந்தேனே."

"அவரு சாவியத்தான் பாத்துக்கிட்டாரு."

மாமா வெந்நீர் போட்டார். அக்கா பழைய பிரஷ்ஷால் ஓட்டையின் உள்பக்கத்தைத் தேய்த்தாள். வழவழப்பாக என்னென்னவோ வந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். பிறகு பச்சைத் தண்ணீர் ஒரு மக்.

கை கழுவிக்கொண்டு வந்தவள் கேட்டாள்: "போர்வ எங்க? புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல."

நான் குப்பை வண்டியைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை மாமா சிரித்தார், அக்கா சிரிக்கவில்லை.

"மூட்டப்பூச்சின்னு வந்து சொல்லியிருந்தா, வெந்நீர்ல போட்டு அலசிக் காயவெச்சிருப்பேன். அவ்ளோதானடா?"

"பாஸ்கர் மடி..." என்று இழுத்தேன்.

"அவன் தொந்திக்கு மேல உக்காரவெச்சா புள்ள வழுக்கி வுழும்" என்றாள். "நீயே உக்காரு. கண்ணாடிய போட்டுக்கிட்டு உக்காரு."

9

நடந்தது இவ்வளவுதான். அவை கனடாப் பூச்சிகள் இல்லை. தண்ணீர் ஊற்றாமல் காய்ந்துபோன ஓட்டை வழியாக வந்த சாக்கடை ஈக்கள். என் கையில் இருந்த தடிப்புகள் தாம்பரத்துக் கொசு கடித்தவை. துருவ்வின் கழுத்தில் இருந்தது வேர்க்குரு. டொரான்டோ வீட்டுக்குச் சோதனைக்கு ஒரு நாயைக் கூட்டி வந்தார்களாம். அது எல்லா அறையும் மோந்து பார்த்து, கட்டிலடியில் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, ஒன்றும் இல்லை என்று போய்விட்டதாக உஷா சொன்னாள். போர்வை விஷயத்தை அவளிடம் அக்காவே போனில் சொன்னாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் அம்மன் கோயிலில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். துருவ் என் மடியில், மாமாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றின் மூலையை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் ஒரு தடவை அழுதான். கீதாவுக்குக் குத்தியபோதும் நான் கண்ணை மூடிக்கொண்டதாக அக்கா எல்லோரிடமும் சொன்னாள்.

கிளம்புகிற அன்று சௌந்தர் சாரிடம் போய்ச் சாவியைத் திரும்ப வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைத் தன் வீட்டுச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டாள்.

இப்போது அக்கா வாரம் ஒருமுறை பெருங்களத்தூரிலிருந்து செம்பாக்கம் போய், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாள். படம் எடுத்து யாழினிக்கு அனுப்புகிறாள், எனக்கு அனுப்புவதில்லை. பூச்சி வரவில்லை.